வாரம் பூரா மழை

திங்கட்கிழமை காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல போர்டைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

‘திங்கள் – காலையில் மழை. செவ்வாய் – மழை. புதன் – மழை.’ இப்படியே சனிக்கிழமை வரைக்கும் மழை. ஞாயித்துக்கிழமை மட்டும் வெயில். மேகத்துக்குக்கூட எஸ்டேட் லீவு நாள் தெரிஞ்சிருக்கு!

எங்க தேயிலை எஸ்டேட்டுல ஆபீஸ் கணக்கெழுதுற கிராணி வரலட்சுமிதான் வாரா வாரம் பெரட்டுக் களத்து போர்டுல ஏழு நாள் வானிலையை எழுதிப் போடணும். மழைன்னு எழுதியிருந்தா, வெயிலே அடிச்சாலும் புல் மருந்து அடிக்கக் கூடாதுங்கிறது எஸ்டேட் சட்டம். மழை வந்தா மருந்து கழுவிக்கிட்டு ஆத்துக்குப் போயிரும். நான் விஜயன், மருந்தடிக்கிற கேங்குக்குக் கங்காணி. மூணு வாரமா என் பம்பெல்லாம் ஸ்டோர்ல தூங்குது. பதினாலாம் நம்பர் மலையில புல்லு தேயிலையையே மூடிக்கிட்டு நிக்குது. இந்த மாசத்துக்குள்ள முடிக்கலன்னா வேற கங்காணியைப் பார்த்துக்குறேன்னு மேனேஜர் மகேன் துரை சொல்லிட்டார்.

ஐப்பசியில அடைமழைங்கிறது வாஸ்தவம்தான். ஆனா இந்த வருஷ ஐப்பசிக்கு அது ஞாபகம் இல்ல போல. காலையில எல்லாம் கண்ணு கூசுற வெயில்.

நேரா ஆபீசுக்குப் போனேன்.

“என்னா கிராணியம்மா, எந்த ஊரு மழையை எழுதிப் போட்டிருக்கீங்க?”

“போன்ல வந்ததைத்தான் எழுதினேன் லா.”

“என் போன்ல வெயில்னு வருது!”

“உங்க போன் கீழ இருக்குற தாப்பா டவுனுக்குச் சொல்லுதோ என்னமோ. மலை வேற, கங்காணி.” தலையைக்கூட நிமிர்த்தல.

மதியம் வீட்டுல அன்பரசிகிட்ட பொரிஞ்சு தள்ளினேன். என் பொண்டாட்டியும் என் கேங்குதான்.

“அந்தம்மாவுக்கு என் மேல என்னா காண்டு? என் வேலைக்கே உலை வைக்குறாங்க!”

“மழைன்னு எழுதினா மழைன்னு இருங்களேன்.”

எனக்காக ஊரோட சண்டைக்குப் போறவ இப்படிப் பேசுறா!

“உனக்கென்னா, பம்பு தூக்காம இருந்தா சந்தோஷம்.”

போன மாசமே தன்னை வேற வேலைக்கு மாத்திவிடச் சொல்லிக் கேட்டவதானே. கங்காணி பொண்டாட்டிக்கு மட்டும் லேசு வேலையான்னு நாலு பேரு கேப்பாங்க, முடியாதுன்னுட்டேன். நான் அவ்வளவு நியாயஸ்தன்.

அந்த வாரம் பூரா தினம் காலையில ஏழரைக்கு வானத்தை போன்ல படம் புடிச்சேன். சனிக்கிழமை ஆறு படத்தையும் துரை மேசையில காட்டினேன்.

“சார், இதுல எங்கயாவது ஒரு சொட்டு மழை இருந்தா காட்டுங்க.”

துரை கிராணியைக் கூப்பிட்டார். அந்தம்மா படத்தைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

“தப்புதான் சார். மாத்தி எழுதிட்டேன்.”

“ஏன்?”

அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

“திங்கட்கிழமை வந்து வார்னிங் லெட்டரை வாங்கிக்குங்க. இனிமே போர்டை நீங்க தொட வேணாம். கங்காணி, நீங்களே எழுதுங்க.”

சாக்பீஸ் என் கைக்கு வந்துச்சு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் கால் தரையில பாவல.

“அன்பு! திங்கட்கிழமை பம்பைத் தூக்குறோம்!”

நடந்ததைச் சொன்னேன். அவ படியிலயே உக்காந்துட்டா. கண்ணுல தண்ணி.

“பாவிங்க நீங்க. அவங்க எனக்காகத்தான் அப்படி எழுதினாங்க.”

“உனக்காகவா?”

வயித்து மேல கையை வச்சா.

“வர்ற வெள்ளிக்கிழமையோட மூணு மாசம் முடியுது. ரிங்லெட் கிளினிக்குக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போனதே அவங்கதான். மருந்துப் பக்கமே போகக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. நீங்களோ வேற வேலை தர மாட்டேன்னுட்டீங்க.”

“என்கிட்ட ஏண்டி சொல்லல?”

“எப்படிச் சொல்றது? போன தடவை ரெண்டாம் மாசமே லைன் வீடு பூரா லட்டு குடுத்தீங்க. பத்தாம் நாள் ஒண்ணுமில்லாமப் போச்சு. லட்டு தின்னவங்களே துக்கம் கேக்க வந்தாங்க. மறுபடியும் அது என்னால முடியாதுங்க. மூணு மாசம் முடியிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு அவங்ககிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்.”

ஊருல எனக்கு ஓட்டை வாய்னு பேரு. சொன்னா நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்னைக்குச் சிரிப்பு வரல. அந்தம்மா துரை முன்னால தலை குனிஞ்சு நின்னதுதான் திரும்பத் திரும்ப வந்துச்சு.

திங்கட்கிழமை காலை. வானத்துல மருந்துக்கும் மேகம் இல்ல. கேங்கு பம்போட தயாரா நிக்குது. நான் சாக்பீஸை எடுத்தேன்.

‘திங்கள் – மழை. செவ்வாய் – மழை…’

“என்னா கங்காணி, தலைக்கு வெயில் ஏறிருச்சா?” மாரியம்மா கேட்டதும் கேங்கே சிரிச்சிச்சு.

துரை விறுவிறுன்னு வந்தார். “என்னா விளையாட்டு இது?”

“கிராணியம்மா எழுதினதுதான் சார் சரி. எனக்குத்தான் வானம் பார்க்கத் தெரியல. அவங்க லெட்டரை விட்டுருங்க. பதினாலாம் நம்பர் புல்லை நானும் இறங்கிக் கையாலயே புடுங்கிக் குடுக்குறேன். முடியலன்னா இந்தக் கங்காணி வேலையை எடுத்துக்குங்க.”

துரை என்னையே பார்த்தார். அப்புறம் போர்டைப் பார்த்தார்.

“வெள்ளி வரைக்கும் மழை. சனிக்கிழமை மட்டும் எப்படி வெயில்?”

ஆபீஸ் வாசல்ல கிராணியம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. எனக்கு விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

“அதைச் சனிக்கிழமைதான் சார் சொல்ல முடியும்.”