பனை உச்சியில் ஒத்திகை

1912 பங்குனி. ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே தேரிக்காட்டில் காலை வெயில் பனைகளின் கொண்டையில்தான் இன்னும் இருக்கிறது. நாளை ஈஸ்டர். பதநீர்க் காலத்தில் பாடகர் குழு வேதக்கோயிலில் கூடிப் பாட நேரமேது? பாளை சீவியபடியே ஆளுக்கொரு மரத்தின் உச்சியிலிருந்து பாடுகிறார்கள். கீழே மணலில் நின்று உபதேசியார் ஞானாபரணம் கம்பால் தாளம் காட்டுகிறார். அரிவாளின் சரக் சரக் ஓசைகூடத் தாளம் தப்பவில்லை. வடக்கு மரங்களிலிருந்து மேல்குரல் கிளம்ப, தெற்கிலிருந்து நடுக்குரல் வந்து கலக்கிறது. சந்தைக்குப் போகும் வழியில் இவர்கள் பாட்டைக் கேட்டுப் பழகிய காசிலிங்கம் வண்டியை நிறுத்திவிட்டான். “பொழுது ஏறுதுல்லா? வண்டியப் பத்துங்களேன்” என்கிறாள் மனைவி. “சித்த பொறு. அந்தக் கட்டைக்குரல் இன்னும் வரல்லியே!” அது நுழையும் இடமும் வருகிறது. உபதேசியார் பழக்கத்தில் ஓடைக்கரை ஒற்றைப் பனையின் உச்சியை நோக்கிக் கம்பை உயர்த்துகிறார். உயர்த்திய பிறகே நினைவு வருகிறது: அதில் ஏறும் மாசிலாமணி விழுந்து, கால் ஒடிந்து இருபது நாளாகிறது. மேலே அரிவாள்கள் நிற்கின்றன. அப்போது அதே பனையின் அடித்தூரிலிருந்து, வடலிக் கன்றுப்பனைகளின் மறைவில் வீட்டார் தூக்கிவந்து போட்ட கயிற்றுக் கட்டிலிலிருந்து, கட்டைக்குரல் எழுகிறது. உயர்ந்த கம்பு, பனையிலிருந்து ஆள் இறங்குவதுபோலப் பையப் பைய இறங்கி, கட்டிலுக்கு நேரே வந்து நிற்கிறது.