கழற்றிய பல்பு

"ராத்திரி பதினோரு மணிக்கு மடியில புத்தகம், கையில குரோஷா ஊசி, இதுக்கு ஒரு லைட்டு வேற! ரெண்டுல ஒண்ணை இப்பவே என்கிட்ட கொடுத்துடு" என்று வாசலில் நின்றபடி அதட்டினார், விடுதிக்கு அன்றுதான் வந்திருந்த வார்டன்.

"முடியாது மேடம். ஒரு வரிசை பின்னினா ஒரு பக்கம் படிப்பேன். எனக்கு ரெண்டும் வேணும்." கட்டிலில் இருந்தவள் நிமிரவே இல்லை.

"அவ்வளவு கொழுப்பா? பல்பைக் கழட்டிடுவேன்!"

"தாராளமா கழட்டுங்க."

நாற்காலியில் ஏறிக் கழற்றியே விட்டார். வராந்தா விளக்கும் ஏற்கெனவே அணைந்திருந்ததால், ஜன்னலில்லாத அறை கும்மிருட்டானது. தடுமாறி இறங்கியவர் மேசையில் இடித்துக்கொண்டு, "ஐயோ!" என்றார்.

"மேடம், அது எனக்காக எரியற லைட்டு!" பக்கத்துக் கட்டிலிலிருந்து அறைத்தோழி கத்தினாள். "அவளுக்குப் பார்வையே கிடையாது. புள்ளி எழுத்தை விரலாலதான் படிப்பா!"

இருட்டில் ஒரு கை வார்டனின் முழங்கையைப் பிடித்து, எதிலும் இடிக்காமல் வாசலில் கொண்டுவந்து விட்டது.

"கதவு இங்கே இருக்கு மேடம். நான் வரட்டுமா? படிப்பு பாதிப் பக்கத்துல நிக்குது."