நூடுல்ஸின் மறுமுனை

அவித்த முட்டை வேஷம் போட்ட சுமோ வீரர் ஆடி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கப் நூடுல்ஸ் விளம்பரத்தில் இனி ஒரே காட்சிதான் பாக்கி. கப்பிலிருந்து நூடுல்ஸைச் சாப்பாட்டுக் குச்சியால் ஆவி பறக்கத் தூக்க வேண்டும்.

"தூக்கித் தொலையேம்மா!" என்று கத்தினார் இயக்குநர் குராமோச்சி.

"வரமாட்டேங்குது சார். உள்ளேருந்து யாரோ இழுக்கறாங்க," என்றாள் மினெகோ. கை மட்டும் காட்டி நடிப்பவள்.

"கப்புக்குள்ள யாரு, உன் மாமியாரா?"

காலையிலிருந்து ஆளாளுக்கு குராமோச்சியின் பிராணனை வாங்கினார்கள். போதாக்குறைக்கு, சுடுகாட்டிலிருந்து அக்கா ஃபுசாயே போன் மேல் போன். அப்பாவை எரித்தாயிற்று. ஜப்பானிய வழக்கப்படி, ஒவ்வொரு எலும்பையும் உறவினர் இரண்டு பேர் குச்சிகளால் சேர்ந்து பிடித்துத்தான் கலசத்தில் வைக்க வேண்டும். "உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா?" என்று கெஞ்சினாள். "ஷூட்டிங் இருக்குக்கா. நீயே முடிச்சிடு," என்று துண்டித்துவிட்டார்.

மினெகோவின் குச்சிகளைப் பிடுங்கித் தானே தூக்கினார். நூடுல்ஸ் விறைத்து நின்றது. இழுத்தார். உள்ளேயிருந்தும் இழுத்தது.

"விட்டுத் தொலை!" என்று கத்தினார். விட்டது. ஆவி பறக்க நூடுல்ஸ் மேலே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

போன் அடித்தது.

"வரமாட்டேன்னுட்டு வந்து நின்னியேடா, அது போதும்," என்று அக்கா விசும்பினாள். "ஆனா அத்தனை பேர் முன்னாடி 'விட்டுத் தொலை'ன்னு கத்தணுமா? நான் விட்டுட்டேன். அந்த எலும்பைக் கலசத்துல காணோம். எங்கடா வச்சே?"

குராமோச்சி குச்சிகளை இன்னும் கீழே வைக்கவில்லை.