ஒரு வாய்த் தண்ணீர்

“ஐயோ, பிள்ளை விழுந்துட்டா!”

சாலை என்கிற கடைத்தெருவில், திரவியம் பிள்ளையின் இரும்புக்கடை வாசலில்தான் அந்தப் பெண் விழுந்தாள். தாயோடு தோசைக்கல் வாங்க வந்தவள். நின்றபடியே சாய்ந்தாள். கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

திரவியம் பிள்ளைக்கு இது புதிதில்லை. கையில் இரும்பு பட்டால் வலிப்பு நின்றுவிடும் என்று ஊரெல்லாம் நம்பிக்கை. இரும்புக்கு அவரை விட்டால் சாலையில் ஆள் ஏது? யார் விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சக்கர நாணயம் போய் அணா வந்துவிட்ட இந்தக் காலத்திலும் காசு வாங்காமல் அவர் கொடுக்கிற சரக்கு அது ஒன்றுதான். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

சாவிக்கொத்தோடு பாய்ந்து வந்தார்.

“தொடாண்டாம்!” என்று குறுக்கே வந்தாள் தாய் முத்தாரம்மாள்.

“இரும்பு பட்டாத்தான் நிக்கும். விலகும்மா.”

இறுகிக் கிடந்த விரல்களை அவர் பலவந்தமாகப் பிரிக்கப் பார்த்தார். முத்தாரம்மாள் சாவிக்கொத்தைப் பிடுங்கி வீசினாள். அது சாக்கடையில் போய் விழுந்தது.

திரவியம் பிள்ளை சாக்கடையை எட்டிப் பார்த்தார். உபகாரம் செய்ய வந்தவனுக்கு இந்த மரியாதையா!

அவளோ அவரைச் சட்டை செய்யவில்லை. பக்கத்தில் கிடந்த ஆணிப்பெட்டியைக் காலால் தள்ளினாள். சாத்தி வைத்திருந்த அரிவாள்களை அள்ளித் தூரப் போட்டாள். கையில் இருந்த துணிப்பையைச் சுருட்டி மகளின் தலைக்கு அடியில் கொடுத்தாள். அப்புறம் ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கூடச் சாலையில் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஒருவன் குனிந்து பெண்ணின் காலை அமுக்கிப் பிடித்தான். முத்தாரம்மாள் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள்.

பக்கத்துப் பாத்திரக்கடை தாணு செம்புத் தண்ணீரும் கரண்டியுமாக ஓடி வந்தான். “பல்லு கிட்டியிருக்கு. கரண்டியைக் குடுத்து வாயைத் திறந்து ரெண்டு மடக்கு வெள்ளம் விட்டா முழிச்சிருவா.”

செம்பும் உருண்டது, கரண்டியும் பறந்தது. தாணுவின் வேட்டி நனைந்ததுதான் மிச்சம்.

“பெத்த தாயா இது?”

“சித்திக்காரியா இருக்கும். பெத்தவளானா ஒரு சொட்டுக் கண்ணீராவது வராதா?”

“பிள்ளை செத்தாத் தேவலைன்னு இருக்கா போல.”

எல்லாம் அவள் காதில் விழும்படியாகத்தான் பேசினார்கள். அவள் திரும்பவில்லை. மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இழுப்பு மெல்ல அடங்கியது. உடனே மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் வழிந்த நுரையைத் துடைத்தாள். பாவாடை நனைந்திருந்தது. தன் சேலைத் தலைப்பை இழுத்து அதை மறைத்தாள்.

“ஆம்பிளையள் எல்லாரும் கொஞ்சம் திரும்பி நில்லுங்க.”

ஒருவர்கூடத் திரும்பவில்லை.

வெகுநேரம் கழித்துப் பெண் கண்ணைத் திறந்தாள்.

“அம்மா... எல்லாரும் பாத்தாவளா?”

“யாரும் பாக்கல்ல மக்கா. நீ கிட.”

“வெள்ளம் வேணும்.”

“இப்ப வேண்டாம் பொன்னம்மை.”

“தொண்டை காயுகு அம்மா. ஒரு வாய்...”

“நல்லா முழிச்சு எழும்பி உக்காரு. பொறவு தாரேன்.”

திரவியம் பிள்ளைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சாவிக்கொத்து சாக்கடையில் கிடந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. அரை மயக்கத்தில் கிடக்கிற பிள்ளை தண்ணீர் கேட்டுக் கெஞ்சுகிறது, இவள் தரமாட்டேன் என்கிறாள்! ராட்சசிகூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று தோன்றியது அவருக்கு.

“ஏ, நீயெல்லாம் ஒரு பெத்த தள்ளையா?” என்று கத்தினார். “நாங்க குடுக்க வந்ததையும் தட்டிவிட்டே. பிள்ளை வாய் திறந்து கேட்டும் குடுக்கல்ல. பெத்த பிள்ளைக்கு ஒரு வாய் வெள்ளம் என்னைக்காவது உனக்க கையால குடுத்திருக்கியா?”

கூட்டம் “அப்பிடிக் கேளுங்க” என்றது.

முத்தாரம்மாள் அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். குரல் உயரவில்லை.

“குடுத்திருக்கேன் அண்ணாச்சி. இவளுக்க அக்காளுக்கு இதே வலிப்பு வந்தப்போ ஊரே கூடிக் கையையும் காலையும் பிடிச்சுது. பல்லை விலக்கி, செம்பு வெள்ளத்தையும் நான்தான் வாயில விட்டேன். மூச்சு முட்டி, எனக்க மடியிலதான் செத்தா.”