ஆள் வருதா

ரோமாபுரியின் துறைமுகத் தெருவில் மதுக்கடை நடத்திய சபீனா, தன் வாடிக்கையாளர்களின் படங்களையே கடைச் சுவரில் வரையும்படி ஓர் ஓவியனிடம் சொன்னாள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அவரவர் வழக்கமான பேச்சு. "பகடைய ஒழுங்கா உருட்டுடா" என்று ஒருவர். "பாவி, தண்ணி கலந்துட்டா" என்று இன்னொருவர். கழுதை வண்டி ஓட்டும் வாலன்ஸிடம் வந்தபோது ஓவியன் தூரிகையோடு நின்றுவிட்டான்.

"அந்தப் பெரியவர் என்ன பேசுவாரு?"

"எங்க பேசுறாரு? உள்ள வந்ததும் 'இங்க ஆள் வருதா?'ன்னு கேப்பாரு. அவ்வளவுதான். அதையே எழுது."

வாலன்ஸுக்கு எழுத்து தெரியாது. தன் படத்தின் கீழேயே தினமும் உட்கார்ந்து குடித்தார். ஒரு சாயங்காலம் கோப்பையும் கையுமாக ஒரு வெளியூர்க்காரன் அவர் அருகில் வந்து நின்றான்.

"இங்க ஆள் வருதா?"

வாலன்ஸ் அவசரமாக நகர்ந்தார். பெஞ்சில் சிந்தியிருந்த மதுவைத் தன் சால்வையாலேயே துடைத்தார்.

"யாரும் வரல தம்பி, உக்காரு. எந்த ஊரு? கடல் வழியாவா வந்தே? சாப்பிட்டியா?"

சபீனா திரும்பிப் பார்த்தாள். அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

வெளியூர்க்காரன் அண்ணாந்தபடியே அடுத்த படத்துக்குப் போயிருந்தான். "பாவி, தண்ணி கலந்துட்டா" என்று அதையும் உரக்க வாசித்துச் சிரித்தான்.

வாலன்ஸ் நகர்ந்த இடத்திலேயே இருந்தார்.