நாலாம் நம்பர்

திண்டிவனத்தில் பிரவுசிங் சென்டர் நடத்திய ஸ்டீபன்ராஜ், அதற்கான புரோகிராமைத் தானே எழுதினான். எந்தக் கம்ப்யூட்டர் இணைந்தாலும் சர்வர் திரையில் அதன் நம்பரோடு ‘வந்தேன்’ என்று அறிவிப்பு வரும். அணைத்தால் ‘போறேன்’.

நாலாம் நம்பரில் டைப் அடிக்கும் அவன் மனைவி சகாய பிரியாவுக்கு அது பிடிக்கவில்லை.

“வெளக்கு வைக்கிற நேரத்துல போறேன் போறேன்னு சொல்லிக்கினு இருக்கு. போயிட்டு வர்றேன்னு மாத்துங்க.”

சிரித்துக்கொண்டே மாற்றினான்.

அவள் இறந்தபின் அந்தக் கம்ப்யூட்டரை விழுப்புரத்துக்காரர் ஒருவருக்கு விற்றான். ஒயரையும் பிடுங்கிவிட்டான். மறுநாள் கடை திறந்ததும் திரையில் ‘நாலு: வந்தேன்’ என்றிருந்தது. சாயந்தரம் ‘நாலு: போயிட்டு வர்றேன்’. தினமும் அப்படியே. புரோகிராமை வரிவரியாகப் பார்த்தும் கோளாறு எதுவும் அகப்படவில்லை.

கடைசியில் அந்த வார்த்தையைப் பழையபடி ‘போறேன்’ என்றே மாற்றினான். அன்று கடை மூடும்போது ஒவ்வொன்றாக அணைத்தான்.

ஒன்று: போறேன்.

இரண்டு: போறேன்.

மூன்று: போறேன்.

சாவியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

நாலு: போயிட்டு வர்றேங்க.

அந்த ‘ங்க’வை அவன் எந்தக் காலத்திலும் எழுதியதில்லை.

“போயிட்டு வா” என்றான்.