மேல்மாடிக்கு அனுப்பிய அன்பு

ஜெயக்குமார் அன்று காலையும் மேல்வீட்டாரை மன்னித்தார்.

மன்னார்புரத்து அடுக்ககத்தில் அவர் வீடு இரண்டாம் மாடி. அவர் கண்ணை மூடித் தியானத்தில் உட்காரும் நேரம் பார்த்துத்தான் மூன்றாம் மாடியில் அது தொடங்கும். டொக் என்று ஒரு சத்தம், சர்ரென்று ஓர் இழுப்பு, மறுபடியும் டொக். படபடப்பு அடங்க டாக்டர் சொன்ன தியானம், அந்தச் சத்தத்தால் படபடப்பைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"மேல போய் என்னன்னு கேட்டுட்டுத்தான் வாங்களேன்" என்றாள் மனைவி கலைமதி.

"நான் பழைய ஜெயக்குமார் இல்ல. தொந்தரவு பண்றவங்களுக்கு அன்பை அனுப்பணும்னு ஸ்ரீரங்கத்து கிளாஸ்ல சொல்லியிருக்காங்க."

"அதை ஏன் தனியா அனுப்புறீங்க? கூடவே நீங்களும் நாலு படி ஏறிப் போகலாமே."

அவர் ஏறவில்லை. லிஃப்டுக்குள் ஓர் அட்டையை மட்டும் ஒட்டினார். 'இரண்டாம் மாடி ஜெயக்குமார் மனநலத்துக்காகத் தியானம் செய்கிறார். காலையில் சத்தம் வேண்டாம்.' பிறகு கூரையை நோக்கி அன்பை அனுப்பத் தொடங்கினார்.

இரண்டொரு நாளில் சத்தம் அடியோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவர் எழுந்து நின்று, "கருணைக்கு கான்கிரீட்டும் தடையில்லை" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வெளியே வந்து ராஜகோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டபோது, பெருமாளுக்கே ஒரு கை உதவி செய்துவிட்டதுபோல் இருந்தது அவருக்கு.

வீடு திரும்பியபோது லிஃப்டில் மேல்வீட்டு ஆரிஃபா நின்றிருந்தாள், கையில் மருந்துக்கடைப் பையுடன். அவர்கள் குடிவந்து ஒரு வருஷம் ஆகியும் அவர் அவளிடம் பேசியதில்லை. இன்று பேசலாம் என்று தோன்றியது.

அவளே முந்திக்கொண்டாள். "இப்பப் பரவால்லையா சார் உங்களுக்கு? எங்க அத்தா தினம் தொழுகையில உங்களுக்காக துவா செய்றாங்க."

"எனக்கா? எனக்கென்னம்மா? நான்தான் உங்க எல்லாருக்கும் தினம் அன்பு அனுப்பிட்டிருக்கேன். பாருங்க, சத்தமே நின்னுபோச்சு."

ஆரிஃபா லிஃப்டில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள், நோயாளியைப் பார்ப்பதுபோல.

"அது அத்தா வாக்கர் பிடிச்சு நடந்த சத்தம் சார். பக்கவாதம் வந்த கால், விடாம நடந்தாத்தான் சரியாகும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு."

"இப்ப?"

"கீழ ஒருத்தர் மனசு சரியில்லாம இருக்காரு, பாவம்னு, நடக்கறதையே விட்டுட்டாங்க."